இரண்டு கோடுகள்

சனிக்கிழமை காலை ரொனால்ட் போனில் விஷயத்தைச் சொன்னபோது டாக்டர் சுபத்திராவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த நொடியே தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

ரொனால்ட் செனாய் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஜோகூர் பாருவில் சுபத்திரா நடத்தும் எச்.ஐ.வி தடுப்பூசி ஆய்வில் ஊசி போட்டுக்கொண்ட முப்பது பேரில் ஒருவன். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம், சர்ச்சில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்டிருந்தார்கள். வெளியே எங்கும் எச்.ஐ.வி பரிசோதனை செய்யாதே, எங்களிடம் வா என்று ஆய்வில் சேரும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் எச்.ஐ.வி என்று வாயைத் திறந்தாலே ஊர் வேறு மாதிரி பேசும் என்று பயந்து, ஊசி விஷயத்தை அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. நிச்சயித்த பெண் ஜோஆனோடு கூலாயில் ஒரு கிளினிக்குக்கு நல்ல பிள்ளையாகப் போய்க் கையை நீட்டினான். பரிசோதனை அட்டையில் இரண்டு கோடுகள் விழுந்தன. தொற்று இருக்கலாம் என்றார்கள்.

அந்த அட்டை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடும். தடுப்பூசி உடம்பில் பிடித்திருந்தாலும் அதே இரண்டு கோடுகள்தான். பதினெட்டு வருடங்களில் சுபத்திராவின் இரண்டு தடுப்பூசிகள் மண்ணைக் கவ்வியிருந்தன. மூன்றாவதின் ரத்த மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகத்தில் இன்னும் வரிசையில் கிடக்க, ஊசி பிடித்த சேதியைச் சொல்வதில் கூலாய் கிளினிக் முந்திக்கொண்டதா? இல்லை, பையனுக்கு உண்மையிலேயே தொற்றா? கிருமியையே நேராகத் தேடும் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். உடனே வரச் சொன்னார்.

ஜோஆன்தான் கார் ஓட்டி வந்தாள். வந்ததும் அவனை விட்டு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். ரத்தம் எடுத்ததும், ரொனால்டின் சம்மதத்தோடு சுபத்திரா ஜோஆனிடம் எல்லாவற்றையும் விளக்கினார். அவள் டாக்டரைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"மாமா டிபியில செத்தாருன்னு வீட்டுல சொல்வாங்க. டிபி இல்ல. கடைசி வரைக்கும் யாரும் அவர் கிட்ட போகல. அதுக்குத்தான் இதுல சேர்ந்தேன். உங்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."



முடிவு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். சுபத்திரா நாலைந்து தடவை இயந்திரத்தை எட்டிப் பார்த்தார். முறைச்சுப் பார்த்தா அது வேகமா ஓடாது டாக்டர் என்று ஆய்வகத்தில் இருந்த லோஷினி கிண்டல் செய்தாள். இந்தப் பையனுக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்று மட்டும் நினைக்கப் பார்த்தார். முடியவில்லை, தடுப்பூசியும் கூடவே வந்து நின்றது.

திரையில் முடிவு வந்தது. கிருமி இல்லை.

அறைக்கு ஓடினார் என்றே சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் ரொனால்ட் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அப்படின்னா இனிமே அவருக்கு வராதா என்று ஜோஆன் கேட்டாள். அது இன்னும் தெரியாது, எதிர்ப்பொருள் வந்திருக்கிறது, அது கிருமியைத் தடுக்குமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று சுபத்திரா உள்ளதைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"காலையில இவர் போன் பண்ணப்பவே எனக்கு சந்தோஷம் வந்துடுச்சும்மா. இவருக்கு ஒண்ணும் இல்லன்னு தெரியறதுக்கு முன்னாடியே. தப்புதான்."

ஜோஆன் எழுந்து ரொனால்டின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"இப்ப சந்தோஷப்படுங்க டாக்டர்," என்றாள். "இப்பன்னா நாங்களும் சேர்ந்துக்குவோம்லா."