எழுந்திருக்காத கழுதை

சதுக்கத்துக் கழுதைக்குக் காலைக் குளியல் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் வருவதற்குள் முடித்தாக வேண்டும். வெண்கல முதுகின்மேல் கால் போட்டு உட்கார்ந்து, காய்ந்த புறா எச்சத்தைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் கழுதைக்காரி. அந்தச் சிலையைத் துடைப்பவள் என்பதால் வந்த பெயர். கூப்பிட்டால் கோபப்பட மாட்டாள், திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை, கீழே நின்று வாளியை நீட்டினாள். ஈரம் காய்ந்ததும் மெழுகு பூசிப் பழைய பருத்தித் துணியால் தேய்ப்பது மட்டும் பாக்கி.

"தலைய ஆட்டாதடி சனியனே" என்று கழுதையின் காதுக்குள் விரல் விட்டுத் துடைத்தாள்.

"எங்க அண்ணனக்கூட நீங்க இப்படிக் குளிப்பாட்டினதில்ல, அண்ணி."

"உங்க அண்ணன் இப்படி அசையாம உக்காந்தா அவரையும் குளிப்பாட்டுவேன்."

அந்த நகரத்தின் சின்னமே கழுதைதான். பேருந்துகளில், குப்பை வண்டிகளில், பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப் பையில் எல்லாம் அதன் படம் இருக்கும். ஊர் உண்டாவதற்கு முன்னால் ஆற்றங்கரையில் கோட்டை கட்டக் கல் சுமந்துபோன கழுதைகளில் ஒரு கிழட்டுப் பெட்டைக் கழுதை இந்த மேட்டில் உட்கார்ந்துவிட்டதாம். அடித்தார்கள், வாலை முறுக்கினார்கள். எழுந்திருக்கவில்லை. முன்னால் போனவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கழுதையைத் திட்டிக்கொண்டு பின்தங்கியவர்கள் பிழைத்து, இங்கேயே வீடு கட்டினார்கள்.

சிலையில் கழுதையின் ஒரு முழங்கால் பீடத்தின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். உடம்பெல்லாம் கறுத்திருக்க, அது மட்டும் பொன்னாகப் பளபளக்கும். அதைத் தொட்டால் நினைத்த காரியம் கைகூடும் என்று தொலைதூரத்திலிருந்தெல்லாம் வந்து வரிசையில் நிற்பார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் கழுதையிடம் மன்னிப்புக் கேட்டுக் கை வைத்த இடம் அது என்று, குடையை உயர்த்திப் பிடித்துக் கூட்டத்தை நடத்தி வரும் வழிகாட்டி நாள்தோறும் சொல்லுவான்.

கழுதைக்காரி வேலைக்குச் சேர்ந்தபோது அந்த முழங்காலும் கறுப்புத்தான். பீடம் தோள் உயரம். ஏறுவதற்கு எதுவும் தரவில்லை. பீடத்துக் கல்லைப் பொடி போட்டுத் துலக்கிவிட்டு, அதே கையால் முழங்காலைப் பிடித்து எம்பி ஏறுவாள். பொடியும் உள்ளங்கையும் சேர்ந்து வருஷக்கணக்கில் அதைத் தேய்த்தன. முதலில் பளபளப்பு வந்தது, பிறகு கதை வந்தது, கதையின் பின்னாலேயே கூட்டமும் வந்தது.

அன்று காண்டிராக்டரின் சூப்பர்வைசர், நகராட்சி அனுப்பிய நிபுணர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிபுணர் முழங்காலில் ஏதோ கருவியை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆகுதாம்" என்றார் சூப்பர்வைசர். "ஜனங்க தொடுறதுல மட்டும் இவ்வளவு தேயாதாம். வேற என்னவோ இருக்காம்."

"என்னைக் கேளுங்க சார்" என்றாள் கழுதைக்காரி மேலேயிருந்து. நாத்தனார் அவள் கால் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினாள். அவள் நிறுத்தவில்லை. "இந்தப் பளபளப்பு யாரு கொடுத்தது? என் கை. நான் ஏறி இறங்கி வந்த மினுக்கு இது. வேணும்னா பாருங்க." குதித்து இறங்கி, பொடி ஒட்டிய உள்ளங்கையை முழங்காலின்மேல் வைத்துக் காட்டினாள். செய்து வைத்த உறை மாதிரி பொருந்தியது.

"அப்படியா சங்கதி" என்று சூப்பர்வைசர் நிபுணரைப் பார்த்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவளோ, படித்தவர் ஒருவர் முன்னால் தன் கைக்கு மரியாதை கிடைத்துவிட்டது என்று அன்று முழுக்கக் குஷியாக இருந்தாள்.

மறுநாள் காலையிலேயே சூப்பர்வைசர் வந்துவிட்டார். "மேலிடத்து உத்தரவு. வேலை செய்யறவங்க யாரும் இனிமே முழங்காலைப் பிடிக்கக் கூடாது."

"பாக்க வர்றவங்க?"

"அவங்க தொடத்தானேம்மா வர்றாங்க."

"அப்ப நாங்க எப்படி ஏறுறது? பறந்தா? ஒரு ஏணி குடுங்க."

"சொல்லி வைக்கிறேன். அதுவரைக்கும் உங்க சாமர்த்தியம்" என்று போய்விட்டார்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறிப் பார்த்தார்கள். நாத்தனார்தான் எடை குறைவு என்று முதலில் ஏறினாள். சோப்புத் தண்ணீர் பட்ட கல்லில் வாளி சறுக்க, அவள் கையை ஊன்றி விழுந்தாள். கண் முன்னாலேயே மணிக்கட்டு வீங்கியது. கழுதைக்காரி மெழுகுத் துணியைக் கிழித்து அதற்குக் கட்டுப் போட்டாள். இரண்டு பேர் சம்பளத்தில் ஓடுகிற வீடு அவர்களுடையது. ஒருத்தி கை ஒடிந்தாலும் தாங்காது. கட்டி முடித்ததும் கழுதைக்காரி சரியாக முழங்காலுக்குக் கீழே, பீடத்தின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன். நீயும் உக்காரு. ஏணி வந்தாதான் எந்திரிக்கணும்."

"வேலை போச்சுன்னா?"

"கழுதை கெட்டா குட்டிச்சுவரு. நமக்கு இந்தப் பீடம் இருக்கு, உக்காருடி."

கூட்டம் வந்தது. வரிசை நகர வழியில்லாமல் சதுக்கத்தைச் சுற்றி வளைந்தது. வழிகாட்டி குடையோடு ஓடி வந்து, "அக்கா, கொஞ்சம் நகருங்க, என் பொழப்பு போகுது" என்றான். "என் பொழப்பும் இங்கதான் இருக்கு, தம்பி" என்றாள். இதுவும் கதையில் வருகிற காட்சியா என்று ஒரு பெண்மணி கேட்க, ஆமாம் என்று அவன் அழுத்தமாகத் தலையாட்டினான். எல்லோரும் படம் எடுத்தார்கள். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சூப்பர்வைசர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். "எழுந்திருங்கம்மா. ஊரே பாக்குது."

"உக்காந்தவளுக்குத்தான் சார் இந்த ஊர்ல சிலை வச்சிருக்கு."

கூட்டம் கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். சூப்பர்வைசர் சுற்றிலும் நீட்டியிருந்த செல்போன்களைப் பார்த்தார், குரல் இறங்கியது. "திங்கட்கிழமை ஏணி வரும். இத்தனை பேர் முன்னால சொல்றேன், போதுமா?"

போதும். இருவரும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்கள். அன்று வீட்டில் ராஜ தர்பார்தான். நாத்தனார் கட்டுப் போட்ட கையோடு சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டினாள். கழுதைக்காரியின் புருஷன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, "என் பொண்டாட்டி ஏணி வாங்கிட்டா" என்று பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டிச் சொன்னான்.

திங்கட்கிழமை ஏணி வந்திருந்தது. பளபளவென்று புதிய அலுமினிய ஏணி, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. அதன் பக்கத்தில் புதுச் சீருடையில் ஓர் இளைஞன் வாளியோடு நின்றான்.

"நான் சொன்ன சொல் தவறல பாருங்க" என்றார் சூப்பர்வைசர். "ஆனா நாளையிலேருந்து நீங்க ரெண்டு பேரும் வர வேணாம். சிலையைத் தேச்சது என் கைதான்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க, நிபுணர் முன்னாடியே. நான் என்ன பண்றது?"

"ரெண்டு பேர் வேலையை ஒரு ஆளு எப்படிய்யா செய்வான்?" என்று நாத்தனார் கத்தினாள்.

"அதான் ஏணி இருக்கே."

கழுதைக்காரிக்கு, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் இளைஞன் ஏற ஆரம்பித்திருந்தான். நடுப்படிக்குப் போனதும் ஈரக் கல்லில் ஏணியின் கால் நழுவியது. அவன் "ஐயோ" என்பதற்குள் அவள் பாய்ந்துபோய் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து, தோளைக் கொடுத்து நிறுத்தினாள்.

"கீழ பாக்காத தம்பி. நான் புடிச்சிருக்கேன், ஏறு."

"அண்ணி, விடுங்க. நமக்கென்ன?" என்றாள் நாத்தனார்.

"விட்டா விழுந்துருவான்டி."

சூப்பர்வைசர் செல்போனை எடுத்தார். ஏணி கொடுத்தாகிவிட்டது என்று மேலிடத்துக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும்.

"அம்மா, கொஞ்சம் ஒதுங்குங்க. படத்துல விழறீங்க."

அவள் ஒதுங்கவில்லை. சூப்பர்வைசர் இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி நகர்ந்து பார்த்து, ஒருவழியாக எடுத்து அனுப்பினார். படத்தில் கழுதை இருந்தது, புது ஏணி இருந்தது, அதன்மேல் சீருடையில் ஓர் ஆள் இருந்தான். ஏணியின் அடியில், ஓரத்தில், பொடி பட்டு வெடித்த இரண்டு கைகள் மணிக்கட்டு வரைக்கும் விழுந்திருந்தன.