ஆலிவ் பெட்டி சோபா

அர்கீரிஸ் தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். காலையிலிருந்து இதே வேலை. சோபா உடையவில்லை. உடைந்தால் மானம் போகும், கூடவே போப்பியும் போய்விடுவாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. போப்பியின் அப்பா திராசோஸ், ஊர்ப் பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் வாக்குக் கொடுப்பார், பாதிரியார் மோதிரங்களை ஆசீர்வதிப்பார். பிடிக்காவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார். "ஒரு நாற்காலிக்கு வக்கில்லாதவனுக்கா என் பொண்ணு?" என்று காப்பிக்கடையில் ஊர் கேட்க ஏற்கெனவே சொல்லியும் ஆயிற்று. மனுஷர் சொன்னதில் பொய்யில்லை. பத்ராஸ் பட்டணத்திலிருந்து பஸ் ஓட்ட வந்தவனுக்கு வாடகைக்குக் கிடைத்த வீட்டில் ஓர் அடுப்பும் சுவரில் ஓர் ஆணியும்தான் இருந்தன.

அதனால்தான் இந்தப் பெட்டிகள். ஆலிவ் ஆலைக்குப் பின்னால் பழைய பிளாஸ்டிக் பெட்டிகள் மலையாகக் கிடந்தன. "இதெல்லாம் யாரோடது?" என்று ஆலைக்காரனிடம் முறையாகக் கேட்டான். "யாரோடதும் இல்ல, அள்ளிட்டுப் போ" என்றான், இடம் காலியானால் போதும் என்றிருந்த அந்தப் புண்ணியவான். யாருடையதும் இல்லாத பெட்டி என்று இந்த ஊரில் ஒன்று கிடையவே கிடையாது. அது பத்ராஸ்காரனுக்கு எப்படித் தெரியும்?

அறுவடையில் அடியில் ஆளுக்கொரு அடையாளத்தோடு எல்லார் பெட்டியும் ஆலைக்குப் போகும். திரும்பி வரும்போது கைக்குக் கிடைத்ததைத் தூக்கி வருவார்கள். தனக்குப் பத்து குறைகிறது என்று ஒவ்வொருத்தரும் குளிர்காலம் முழுக்கக் கத்துவார்கள். தன்னிடம் பத்து கூடுதலாக இருக்கிறது என்று இதுவரை ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. இப்படித்தான் திராசோஸ் பாபிஸோடு பேச்சை முறித்துக்கொண்டார். பாபிஸ் யார்? திராசோஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன், போப்பிக்கு ஞானத்தகப்பன். மூன்று வருஷமாக இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. எல்லாம் பிளாஸ்டிக் பெட்டிக்காக! தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறதா இல்லையா?

அர்கீரிஸ் பத்துப் பெட்டியைக் கேபிள் டை என்னும் பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கி சோபா ஆக்கினான். நாலு பெட்டிமேல் பழைய கதவைப் போட்டு மேஜை ஆக்கினான். பதினெட்டை அடுக்கியதில் கட்டில் வந்தது. மெத்தைக்கு உறை தைத்தவள் போப்பி. ஆலிவ் விவசாயி மகள், ஒரு பெட்டியையாவது திருப்பிப் பார்த்திருக்க வேண்டாமா? கல்யாண ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

வந்தார்கள். திராசோஸ் நூற்றிருபது கிலோ. அவர் உட்கார்ந்தபோது அர்கீரிஸ் கண்ணை மூடிக்கொண்டான். சோபா லேசாக முனகிவிட்டு அடங்கியது.

"பரவால்லயே, கெட்டியாத்தான் இருக்கு" என்றார் திராசோஸ். "எங்க வாங்கின தம்பி?"

"நானே செஞ்சேன் மாமா."

"நீயேவா? பஸ்ஸை மட்டும்தான் உருட்டுவன்னு நினைச்சேன்."

போப்பிக்கு வாயெல்லாம் பல். காப்பியும் சீமைமாதுளை ஜாமும் திராட்சைச் சாராயமும் கொண்டுவந்து வைத்தாள். பாதிரியார் மோதிரத்துக்காகப் பையைத் துழாவினார். அந்த நேரம் பார்த்துத்தான் திராசோஸின் கை சோபாவுக்கு அடியில் போனது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பெட்டி என்று கண்டால் அடியைத் தடவிப் பார்ப்பது இந்த ஊர்க்காரர்களின் விரலோடு பிறந்த பழக்கம். தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது. முகம் தக்காளியாகச் சிவந்தது.

"எந்திரிங்க."

"அப்பா, என்னாச்சு?"

"எல்லாரும் எந்திரிங்கன்னேன்! சாமி, நீங்களுந்தான்!"

மெத்தை ஒரு பக்கம் பறந்தது. பெட்டியைக் கவிழ்த்தார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அவர் தன் கையாலேயே சுட்ட அடையாளம் பல்லை இளித்தது.

"இது என்னுது! இதுவும் என்னுது! அடப்பாவி, என் பெட்டிமேலயே என்னை உக்கார வச்சு, என் பொண்ணையே கேக்குறியா?"

மேஜையைப் பிடித்து இழுத்தார். பாதிரியார் நாலு காப்பிக் கோப்பைகளையும் பாய்ந்து காப்பாற்றினார். அடுத்து படுக்கையறை. "நான் இங்கயே நிக்கறேன்" என்று பாதிரியார் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளேயிருந்து எண்ணும் சத்தம் மட்டும் வந்தது.

"மாமா, தெரியாம எடுத்துட்டேன். யாரோடதும் இல்லன்னு ஆலையில சொன்னாங்க, சத்தியமா!"

"தெரியாமலே பதினெட்டா? போப்பி, கிளம்பு. வாக்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

அர்கீரிஸ் மெத்தையை எடுத்துக் கட்டிக்கொண்டான். இந்த வாழ்க்கையில் ஒரே ஒருத்தியை உயிராக நினைத்தான், அவளையும் ஒரு கேபிள் டை பிரித்துவிட்டதே என்று அழுகை வந்தது. போப்பி கிளம்பவில்லை. போனை எடுத்தாள்.

"ஞானப்பா? தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே பெட்டி, இங்க ஒரு வீடு நிறைய இருக்கு. வாங்க."

பாபிஸ் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். திராசோஸைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாதிரியாரைப் பார்த்துப் பேசினார்.

"சாமி, இந்த மூலையில கத்தி வெட்டு இருக்கே, இது யாரு போட்டதுன்னு அவன்கிட்ட கேளுங்க."

"என் பெட்டியில எவன் வெட்டினானோ, எனக்கென்ன தெரியும்னு சொல்லுங்க சாமி!"

"வெட்டு என்னுது! என் வெட்டுக்கு மேலயே அவன் சூடு போட்டிருக்கான். அப்ப முதல்ல யாரோடது? கேளுங்க சாமி!"

திராசோஸ் குனிந்து பார்த்தார். அடுத்த பெட்டியைப் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. "மூணு வருஷமா என்னைத் திருடன்னான் சாமி" என்றார் பாபிஸ், குரல் உடைந்து.

பாதிரியார் கோப்பைகளைத் தரையில் வைத்தார், கண்ணாடியை மாட்டினார், ஒரு பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"வெட்டும் சூடும் இருக்கட்டும். அடியில இந்த நீலப் பொட்டு என்ன?"

இரண்டு பேரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"திருவிழா ரொட்டிக்குக் கோயில்ல வாங்கின பெட்டி. நான்தான் உக்காந்து பொட்டு வச்சேன்." ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாவற்றிலும் நீலம். "ரெண்டு பேரும் பாவமன்னிப்புக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

திராசோஸ் பாபிஸைப் பார்த்தார். பாபிஸ் திராசோஸைப் பார்த்தார்.

"என்னடா சொல்றது?" என்று முணுமுணுத்தார் திராசோஸ்.

"நீ என்ன சொல்றியோ, அதுதான் நானும்."

திராசோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "திருட்டெல்லாம் இல்ல சாமி. இது வந்து... பொண்ணுக்கு நான் குடுத்த சீர்."

"நாங்க குடுத்த சீர்னு சொல்லு" என்றார் பாபிஸ். "ஞானத்தகப்பன்னு நான் எதுக்கு இருக்கேன்?"

"கோயில் பெட்டியைச் சீர் குடுக்குறீங்களா?"

"கோயில் பங்கும் அதுல சேர்த்திதான் சாமி!" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

பாதிரியாருக்குத் தாடிக்குள் சிரிப்பு வந்துவிட்டது. போப்பி விடுவாளா? "சீரே குடுத்தாச்சுன்னா வாக்கும் குடுத்தாச்சுல்ல, அப்பா?"

திராசோஸ் தப்பிக்க ஒரு வழி தேடினார். ஒரு பக்கம் திருடன் பட்டம், இன்னொரு பக்கம் பஸ் டிரைவர் மருமகன். நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

"சாமி, மோதிரத்தை எடுங்க."

போப்பி அழுதாள், சிரித்தாள், அப்பாவின் மீசையில் முத்தம் வைத்தாள். அவசரத்தில் அர்கீரிஸின் விரலிலிருந்து மோதிரம் இரண்டு தடவை கீழே உருண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் நிமிர்ந்தபோது, திராசோஸும் பாபிஸும் படுக்கையறையில் கேபிள் டைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"நாளைக்கு ஆலிவ் பறிப்பு. சரியா பதினெட்டு குறையுது."

"ஐயோ, அது கட்டில் மாமா!"

"தெரியுது மாப்பிள்ளை. கல்யாணம் வரைக்கும் உனக்குக் கட்டில் எதுக்கு?"

பாதிரியார் இதற்கு மட்டும் பலமாகத் தலையாட்டினார்.

"பேந்தப் பேந்த முழிக்காத" என்றார் திராசோஸ். "வந்து ஒரு பக்கம் பிடி."