கெட்டுப்போகாத போர்டு

ரெனிட்டாவுக்கு வந்த கோபத்தில் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. பின்னே? ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குப்பேரவைச் செயலாளர் விக்டர் ஐந்நூறு பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, "ரெனிட்டா டீச்சர் செஞ்சு குடுத்த போர்டு கெட்டுப்போச்சு" என்று சொன்னால் யாருக்குத்தான் இறங்கும்?

மயிலாப்பூரில் அவர்கள் கோயிலில் பாட்டு எண் காட்டுகிற எல்.இ.டி. போர்டு அது. பிசிக்ஸ் டீச்சரான ரெனிட்டா தன் கையாலேயே செய்து, எட்டு மாதம் முன்பு தூணில் மாட்டிக் கொடுத்தது. உள்ளே விரல்நகம் அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், பெட்டியின் தலையில் வெளிச்சத்தைப் பார்க்க ஒரு சென்சார். சுற்றிலும் இருட்டினால் அந்தச் சில்லு விளக்குகளை நொடிக்கு ஆயிரம் தடவை அணைத்து அணைத்து ஏற்றும். அணைந்திருக்கிற நேரம் கூடக்கூட எண் மங்கும், கண்ணைக் குத்தாது. வெயில் வந்தால் பளீரென்று எரியும். ஒருநாள்கூடத் தகராறு செய்ததில்லை.

அந்த ஞாயிறுதான் காலை வெயிலிலேயே மங்கித் தொலைத்தது. 131 என்பதைப் பாதிப் பேர் 181 என்று படித்து, அல்லேலூயா பாட்டை எடுத்துவிட்டார்கள். தவக்காலம் முடிகிறவரை வாயில் வரவே கூடாத சொல்! ஃபாதர் அப்படியே நின்றுவிட்டார்.

புதன்கிழமை பள்ளி விட்டு ரெனிட்டா நேரே கோயிலுக்கு வந்தால், விக்டர் போர்டைக் கழற்றத் தூணில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"கோச்சுக்காதம்மா. தி.நகர்ல ஒரு கடையில சொல்லிட்டேன். வர்ற குருத்து ஞாயிறுக்குப் புது போர்டு வந்துடும். கம்பெனி சரக்கு."

"இதுல என்ன கெட்டுப்போச்சுன்னு பாத்தீங்களா அங்கிள்?"

"பாக்க என்ன இருக்கு? எரியலை."

"எரியுது. மங்கலா எரியுது. ரெண்டும் ஒண்ணா?"

"கிளாஸ் எடுக்காதம்மா, வழிய விடு."

"நீங்க வழிய விடுங்க."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே ஏறினாள். போர்டுக்கு மேலே பாடுபட்ட சுரூபம், சிலுவையில் அறைந்த இயேசு. தவக்காலக் கடைசியில் சிலுவை, சுரூபம் எல்லாவற்றையும் ஊதாத் துணியால் மூடுவது வழக்கம். போர்டு மாட்டிய பிறகு வந்த முதல் தவக்காலம் இது. மூடிய துணியின் முனை தொங்கி, பெட்டியின் தலையில், சரியாக சென்சார் மேலேயே படுத்திருந்தது. அதற்கு இரவும் பகலும் கும்மிருட்டு.

"ஜாஸ்பரண்ணே, ஸ்விட்சைப் போடுங்க."

கோயில் எடுபிடி வேலையெல்லாம் பார்க்கிற கோயில்பிள்ளை ஜாஸ்பர் போட்டார். எண்கள் மினுக்கென்று வந்தன. ரெனிட்டா இரண்டு விரலால் துணியைத் தூக்கினாள். தூண் சிவந்துபோகிற மாதிரி போர்டு எரிந்தது.

"அய்யய்யோ டீச்சரம்மா! நான்தான் சனிக்கெயம கட்னேன். பய்ய துணி கிய்ஞ்சிச்சு. இது புச்சு, கொஞ்சம் நீட்டா கீது."

"உங்க மேல தப்பில்லண்ணே. அத மூடக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வெக்கலை."

விக்டர் தொண்டையைச் செருமினார். "சரி விடு. ரிப்பேர் ஆயிடுச்சுன்னு ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன்."

"கெட்டாதானே அங்கிள் ரிப்பேர்?"

"அட, ஒரு பேச்சுக்குமா."

"அன்னிக்கு ஒரு பேச்சுக்கா சொன்னீங்க? என்கிட்ட படிக்கிற பதினோரு பொண்ணுங்க அங்க உக்காந்திருந்தாங்க. இப்ப நான் கிளாஸ்ல சர்க்யூட்னு வாயத் திறந்தாலே சிரிக்குதுங்க. கெடலைன்னு சொல்லுங்க. அதே மைக்ல."

குருத்து ஞாயிறு. விக்டர் மைக்கில் பெரிய வியாழன் பூசை நேரம் படித்தார், வெள்ளி சிலுவைப்பாதை நேரம் படித்தார். கடைசியில், "போர்டு... துணி... அதெல்லாம் சரியா இருக்கு" என்று காகிதத்துக்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு நகரப் பார்த்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ரெனிட்டா குருத்தோலையோடு எழுந்து நின்றாள்.

"அங்கிள், கேக்கலை."

கோயிலே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் அவளுடைய மாணவிகள் கழுத்தை நீட்டினார்கள். விக்டர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் காத்திருந்தார்.

"போர்டு கெடலை," என்றார் விக்டர். "மேல துணி விழுந்து கிடந்துச்சு. ஏறிப் பாக்காம கெட்டுப்போச்சுன்னு சொன்னது நான்."

அதற்கப்புறம்தான் ரெனிட்டா உட்கார்ந்தாள்.