சிவப்பு முடிச்சு

"கண்ண மூடாதடி! என்னப் பாரு!"

குலுங்கும் பஸ்ஸில் பாட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள் தையல்காரி. பச்சைத் தண்ணீரில் சோள மாவு. முதல் பாட்டில் நெரிசலில் கவிழ்ந்துவிட்டது. கெடு தாண்டி இருபது நிமிஷம். மடியில் சாய்ந்திருந்த ஐந்து வயது மகள் மிளகுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. வாயில் போட்ட குளுக்கோஸ் இப்போதைக்குத்தான் தாங்கும்.

"பச்ச மாவையா குடுக்கற? வேக வெக்கக் கூடாதா?" என்றாள் பக்கத்து சீட் அம்மாள்.

"வேக வெச்சா சட்டுனு கரைஞ்சிடும்க்கா. இவளுக்கு மெதுவாக் கரையணும்."

சர்க்கரையைப் பூட்டி வைத்துவிட்டுச் சாவியைத் தொலைத்த ஈரல் மிளகினுடையது. அம்மா பாதி, அப்பா பாதி கொடுத்த பிறவிக் கோளாறு. மூன்று மணிக்கொரு தரம் மாவு இறங்கினால்தான் உயிர். வளர்த்தியும் அதில்தான்.

மிளகு ஒரே மூச்சில் குடித்து உதட்டைத் துடைத்தாள். "சுவத்துக்கு அடிக்கறத எனக்கு ஊத்தற நீ."

அப்பாடா. வாய் திரும்பிவிட்டது.

தையல்காரி கழுத்தில் கிடந்த டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆறு மாதம் முன்பு ஆஸ்பத்திரியில் அளந்தபோது தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். அடுத்த முறைக்குள் இரண்டரையாவது ஏறாவிட்டால் மூக்கு வழியாக டியூப் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். நேற்று கடை டேப்பில் அளந்தால் தொண்ணூற்றேழு. டேப்பில் தைத்திருந்த சிவப்பு நூல் முடிச்சுக்கு ஒரு விரல் கீழே நின்றது தலை. வீட்டுக்காரரிடம்கூட அவள் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிச் சுவரில் குதிகாலை ஒட்டி நின்றாள் மிளகு. பலகை மெல்ல இறங்கி உச்சந்தலையைத் தொட்டது.

"தொண்ணூத்தொம்பது."

"சரியாப் பாருங்க டாக்டர். என் டேப்புல ரெண்டு கம்மி."

"இவங்க பாக்கறது சரிதாம்மா, நீ சும்மாயிரு!" என்றாள் மிளகு.

டாக்டரம்மா இன்னொரு முறை அளந்தாள். அதே தொண்ணூற்றொன்பது. "டியூப் வேணாம். எங்க, அந்த டேப்பக் குடுங்க."

தையல்காரியின் கழுத்தில் கிடந்த டேப்பை வாங்கிச் சுவர் அளவுகோலின் மேல் பிடித்தாள். டேப்பின் தொண்ணூற்றெட்டு, சுவரில் நூறுக்கு நேராக வந்தது. "துணி டேப்பும்மா. இழுத்து இழுத்து நீண்டு போச்சு."

"இதுலதான் ஆறு வருஷமா வெட்டறேன். ஒரு சட்ட தப்பினதில்லயே!"

சொல்லும்போதே உறைத்தது. ஆளை அளப்பதும் அதே டேப், துணியை வெட்டுவதும் அதே டேப். தப்பு எப்படித் தெரியும்? சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூன்று சென்டிமீட்டர்! ஒவ்வொரு கரண்டியும் அவள் கையால் நிறுத்து ஊற்றியது.

"இந்த முடிச்சு எதுக்கு?" என்றாள் டாக்டரம்மா.

தையல்காரி சிரிப்பை நிறுத்தினாள்.

"இவ அண்ணன், டாக்டர். என்ன நோய்னு பேரு தெரியறதுக்கு முன்னாடியே போயிட்டான். டேப் வாங்கின புதுசுல, கடைசியா அளந்தது. தொண்ணூத்தெட்டு."

"அப்ப நான் தாண்டிட்டேனா?" என்றாள் மிளகு.

"தாண்டிட்டேடி, ராசாத்தி."

டாக்டரம்மா டேப்பை இன்னும் சுவரில்தான் பிடித்திருந்தாள். மிளகின் தலைக்கு ஒரு விரல் மேலே சிவப்பு முடிச்சு. ஆறு வருஷமாக அம்மாவின் கழுத்தில் கிடந்தே அவனும் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான்.