ஒரு வீட்டில் மூன்று மிக்ஸி

...புடவையைப் போட்டு மூடிவிட்டால் சத்தம் அடங்கிவிடுமா, இந்த எதிர்வீட்டு ஆண்டாளுக்குப் புத்தி எங்கே போயிற்று, பிளக்கையாவது பிடுங்கி வைத்திருக்கலாம், "மாவு புளிச்சிடும்க்கா, ஒரு நாளைக்குத்தானே" என்று மாட்டிவிட்டுப் போய்விட்டாள், இப்போது அவள் வீட்டு பிரிட்ஜ் என் வீட்டு உள்ளறையில் குறட்டை விடுகிறது, வாசலில் டேப்லெட்டோடு ஒரு பெண் நிற்கிறாள். வீரம்மாள் நிலைக்கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வந்தவள் பெயர் சிவசங்கரியாம், வேப்பூராம், கழுத்தில் அட்டை, வெயிலில் கருத்துப்போன சின்ன முகம். கணக்கெடுக்க வேண்டிய பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, அதற்குப் பதில் இந்த வீடு என்று டேப்லெட்டே காட்டிவிட்டதாம். தெருவில் இத்தனை வீடு இருக்க, அந்தப் பலகைக்கு என் வீடா கிடைத்தது? பட்டியல்ல உன் பேரு இல்லக்கா, உன் வூட்டுப் பக்கமே வர மாட்டாங்க என்று ஆண்டாள் அடித்துச் சொன்னாளே... சரி, வந்தவளை வெயிலில் நிற்கவைப்பது மரியாதையில்லை. "உள்ள வந்து உக்காருங்கம்மா, தண்ணி கொண்டாரேன்." தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளறைக் கதவைச் சாத்திவிடலாம் என்று போனாள், கதவு பாதியிலேயே நின்றுவிட்டது, பின்னால் யாருடைய வாஷிங் மெஷினோ முட்டிக்கொண்டு நிற்கிறது.

எல்லாம் டீக்கடையில் கிளம்பிய பேச்சு. டேப்லெட்டோடு ஒரு பொண்ணு வருது, வூட்டுல பிரிட்ஜு வாஷிங் மெஷினு இருந்தா மாசாமாசம் வர்ற உரிமைத்தொகைய நிறுத்திடுவாங்களாம், அடுத்த தெருவுல ஒருத்திக்கு நின்னே போச்சாம்... யாருக்கு நின்றது என்று கேட்டால் ஒருத்திக்கும் பேர் தெரியாது. ஆனாலும் பயம் பயம்தானே. விடிந்ததும் விடியாததுமாகத் தெருவே சாமான் தூக்க ஆரம்பித்துவிட்டது, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மூன்று மிக்ஸி, ஒரு தையல் மெஷின், தேக்குக் கட்டில், எல்லாம் வீரம்மாள் வீட்டுக்கு. "நீ இருக்கற தைரியத்துலதான்க்கா" என்று ஆண்டாள் கையைப் பிடித்துச் சொன்னபோது மனசு குளிர்ந்துபோனதும் உண்மைதான். ஒரு தெருவே தன் சொத்தை நம்பி விடுகிறது என்றால் சும்மாவா? அவர் போன பிறகு இந்த வீட்டு வாசலில் இத்தனை பேர் வந்து நின்றது இன்றைக்குத்தான். எது வந்தாலும் காட்டிக்கொடுக்கக் கூடாது, காட்டிக்கொடுக்கவே கூடாது, ஆண்டாளுக்கு வருகிற பணம் நின்றால் அவள் மகனின் டியூஷன் நிற்கும், தையல் மெஷின்காரிக்கு நின்றால் அவள் மறுபடி குடிகாரப் புருஷனிடம்தான் கையேந்த வேண்டும்.

சிவசங்கரி முதலில் எதையோ படித்துக் காட்டினாள். "உதவிப் பணம் வந்ததுக்கு அப்புறம் குடும்பம் எப்பிடி மாறியிருக்குது, ஒரு கஷ்டம் வந்தா எந்தக் குடும்பம் கீழ விழுந்துடும்னு பாக்கற ஆராய்ச்சிங்க்கா இது. இத வெச்சு யாரு பணத்தையும் நிறுத்த மாட்டாங்க." ஆமாம், நிறுத்த மாட்டார்கள். நான் வேலைக்குப் போகிற பீங்கான் கம்பெனியில் மேஸ்திரி கலியமூர்த்தியும் இப்படித்தான், சும்மா ஒரு கையெழுத்தும்மா என்று தேன் ஒழுகச் சொன்னான், அடுத்த மாதமே கூலி இறங்கிவிட்டது. சும்மா என்று சொல்லி வருவது எதுவும் சும்மா வருவதில்லை. இந்தப் பெண் பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை, ஆனால் இவளுக்கே மேலே உள்ளவர்கள் எல்லாம் சொல்லியிருப்பார்களா? கல் வீடா, ஓட்டு வீடா, கக்கூஸ் உண்டா, அடுப்பு என்ன அடுப்பு... பதில் சொல்லிக்கொண்டே காதை உள்ளறையில் வைத்திருந்தாள் வீரம்மாள். "பிரிட்ஜ் இருக்குதுங்களா?" இல்லை என்று சொல்ல வாயைத் திறந்த நேரம் பார்த்து அந்தச் சனியன் பெருமூச்சு விட்டு மறுபடி உறும ஆரம்பித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்கிறார்கள், பூசணிக்காய் உறுமாதே. சிவசங்கரி தலையை நிமிர்த்தி அறைப் பக்கம் பார்த்தாள். ஆண்டாளோடது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, என் பணம் எனக்கு, ஆனால் நாளைக்கு அவள் முகத்தில் எப்படி விழிப்பது...

"என்னுதுதான்." சிவசங்கரி எழுந்துபோய் அறையை எட்டிப் பார்த்தாள், பார்த்துத்தான் பதிய வேண்டுமாம். "மூணு மிக்ஸியாக்கா?" நனைந்தாயிற்று, இனி முக்காடு எதற்கு. "ஒண்ணு சட்னிக்கு, ஒண்ணு மாவுக்கு, ஒண்ணு பொண்ணு வந்தா எடுத்துக்கிட்டுப் போவா." அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலால் தட்டினாள். போகட்டும், போனால் போகட்டும், இந்தப் பணம் வருவதற்கு முன்னால் நான் செத்தா போனேன்? சாகவில்லைதான். ஆனால் எப்படி இருந்தேன்? காய்ந்த பீங்கான் பியூஸ் கட்டைகளின் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி, மாவாகப் பறக்கிற தூசியை விழுங்கி, நெஞ்சு விசிலடிக்க, முடியாமல் படுத்துக் கிடக்கிற நாளிலும் எழுந்து ஓடினேன், ஒரு நாள் போகாவிட்டால் அடுப்பு எரியாது. இப்போது மூச்சு முட்டினால் இன்னிக்கு வர முடியாது என்று கலியமூர்த்திக்குப் போன் போட்டுச் சொல்ல வாய் வந்திருக்கிறது, இழுக்கிற மருந்து தீர்வதற்குள் அடுத்தது வாங்க முடிகிறது. "பணம் வந்ததுல உங்களுக்கு என்ன மாத்தம்க்கா? சாப்பாடு, மருந்து, படிப்பு, சேமிப்பு..." முடியாதுன்னு சொல்ல முடியுதும்மா, அதுதான் மாத்தம். அது அந்தப் பலகையில் எந்தக் கட்டத்தில் இருக்கும்? "மருந்துன்னு போட்டுக்கங்க" என்றாள். பணம் நின்றால் மறுபடி தூசிதான், அது தெரிந்துதான் எல்லாம் என்னுது என்று சொன்னேன், திருப்பி வாங்க மாட்டேன், பிறந்த பிள்ளையைத் திருப்பி உள்ளே தள்ள முடியுமா, பேச்சும் அப்படித்தான், என் வாயில் வந்தது என்னோடு இருக்கட்டும்.

"இந்தச் சாமானெல்லாம் இப்பதான் எடுத்து வெச்சீங்களாக்கா? கட்டில் நிமித்தியே நிக்குது." "எடம் நெறைய கெடக்குதும்மா. பொண்ண சேத்தியாத்தோப்புல கட்டிக்குடுத்தப்ப கட்டிலு பீரோ பாத்திரமெல்லாம் அவளோடயே போயிடுச்சு, அதுலேருந்து இந்த ரூமு காலியாத்தான்..." வீரம்மாள் நிறுத்தினாள். காலியாகத்தான். தெருவில் வேறு யார் வீட்டில் ஒரு கட்டிலை நிமிர்த்தி வைக்க இடம் இருக்கிறது? வேறு யார் வீட்டுக்குள் ஒரு அதிகாரி எட்டிப் பார்க்க நினைக்க மாட்டார்? நீ இருக்கற தைரியத்துலதான்க்கா... தைரியமா, காலி அறையா? ஆண்டாள் அப்படிப்பட்டவள் இல்லை. இல்லையா? காலையில் என் பெயர் அவள் வாயில் முதலில் வந்ததா, இந்த அறை முதலில் வந்ததா? வலித்தது. வலித்தாலும், சொன்ன சொல் சொன்னதுதான், அவள் நினைத்தது எதுவாக இருந்தாலும் நான் தூக்கியது நட்பைத்தான்.

"கடைசிக் கேள்விங்க்கா. திடீர்னு ஒரு ஆபத்து, ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னா, சொந்தக்காரங்க இல்லாம, உங்களுக்கு ஓடி வர்றவங்க யாரு?" வீரம்மாள் யோசிக்கவே இல்லை, வீம்புக்கென்றே உரக்கச் சொன்னாள். "ஆண்டாள். எதுத்த வூட்டு ஆண்டாள்னு போட்டுக்கங்க." சிவசங்கரி திரையில் தட்டினாள். "இதுக்கு முன்னாடி வந்திருக்காங்களா?" போன தையில் மூச்சு அடைத்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, டிவி சத்தம்கூடக் கேட்டது, எழுந்துபோய்க் கதவைத் தட்டியிருக்கலாம், எதுக்கு அவளுக்குத் தொந்தரவு என்று... தட்டவில்லை. அதற்கு முன்னாலும் தட்டியதில்லை. தெருவில் எல்லாரும் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள், சர்க்கரை, குடம், துணைக்குப் படுக்க ஆள், நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா? "கூப்புட்டதில்லம்மா" என்றாள். சிவசங்கரி திரையைப் பார்த்துவிட்டுச் சங்கடமாகச் சிரித்தாள். "வந்தாங்க, வரல, ரெண்டுதாங்க்கா இருக்குது. எத அமுத்தட்டும்?" அந்தப் பெண்ணின் விரல் திரைக்கு மேலே நிற்கிறது, வீரம்மாள் திறந்திருந்த கதவு வழியாக எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.