நிக்கொலஸின் படங்கு

எல்லாம் நிஸ்மியா டீச்சர் தொடக்கிவைத்த வேலை. "நாடகத்தப் பாடமாக்காதீங்க புள்ளைகள். ஆருக்காவது கதையாச் சொல்லுங்க. அப்பதான் சோதினையில கை ஓடும்" என்று அவர் வகுப்பில் சொல்லிவிட்டார். மாம்புரிக் கடற்கரை ஊரில் நிலானியிடம் கதை கேட்க யார் இருக்கிறார்கள்? அம்மா கத்தரினாவுக்கு அடுப்பும் செபமாலையும்தான் உலகம். மிச்சம் அப்பா லோறன்ஸ். பின்னேரங்களில் முற்றத்தில் குந்தி, கிழிந்த வலை பொத்துகிற மனுசன் எழும்பி ஓடவும் முடியாது.

உயர்தரத்து ஆங்கில இலக்கியத்தில் வரும் அந்தப் பழைய நாடகம் முழுக்கப் பழிவாங்கல். அண்ணனைக் கொன்ற பிரபுவின் மாளிகையில் ஒருவன் வேலைக்காரனாகச் சேர்ந்து, வருடக்கணக்காகத் தருணம் பார்க்கிறான். அவன் காத்திருப்பது பலவீனமா, தந்திரமா? இந்த வினா கட்டாயம் வரும் என்று டீச்சர் அடித்துச் சொல்லியிருந்தார். இந்தப் பாடத்தில் ஏ எடுத்தால்தான் நிலானிக்குக் கம்பஸ்.

அப்பாவோ கதையில் மூழ்கியே போனார். "இன்னும் குத்தயில்லையா? என்ன மனுசன் புள்ள இவன்!" என்று வலையூசியை ஆட்டுவார். யாரை மனதில் வைத்து ஆட்டுகிறார் என்பது வீட்டுக்கே தெரியும். போன வருசம் நிக்கொலஸின் போட் இவருடைய வலைக்கு மேலால் போய், இஞ்சின் விசிறி பாதி வலையை அறுத்துவிட்டது. கடலில் அது நடக்கிறதுதான். ஆனால் அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. அறுத்தவன் மறுநாள் வந்து, வலைக்காரனோடு கூட இருந்து பொத்திக் கொடுக்கவேண்டும். மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் வேண்டாம், வந்து குந்தினால் போதும். நிக்கொலஸ் வரவில்லை. அன்றிலிருந்து லோறன்ஸ் அவர் முகத்தில் முழிப்பதில்லை.

திருவிழாவுக்கு முதல் நாள் கதை நல்ல கட்டத்துக்கு வந்தது. மாளிகையில் விருந்து நாள். எல்லாரும் கோவிலுக்குப் போக, வேலைக்காரன் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டு கத்தியைத் தீட்டுகிறான். அதற்குள் பலகாரம் சுட வரச்சொல்லி அம்மா கூப்பிட்டுவிட்டாள். "மிச்சம் நாளைக்கு அப்பா" என்று நிலானி எழும்பிப் போனாள்.

மறுநாள் காலை திருவிழாப் பூசைக்கு உடுத்தி வெளிக்கிட்டால், அப்பா கட்டிலில் கிடக்கிறார். "வயிறு ஒரு மாதிரிக் கிடக்கு. நீங்க போங்க."

கோவிலில் சமாதானம் சொல்லும் நேரம் எல்லாரும் கைகூப்பித் திரும்பினார்கள். பக்கத்து வரிசை வாங்கிலிருந்த நிக்கொலஸும் திரும்பினார். லோறன்ஸ் வழக்கமாக நிற்கும் இடம் வெறுமையாக இருக்க, கூப்பிய கையோடு அவர் சற்றுத் தடுமாறியதை நிலானி கண்டாள். அப்போதுதான் அவளுக்குப் பொறிதட்டியது. வயிற்றுவலி! ஐயோ மாதாவே, நானேதான் சொல்லிக்குடுத்திருக்கிறேன்! நிக்கொலஸ் இங்கே கோவிலில், அவருடைய வலை அங்கே கரையில். இரண்டு வீட்டுக்கும் வெட்டுக்குத்து வந்தால் சோதினையாவது மண்ணாவது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் கரைக்கு ஓடினாள்.

கரையில் ஈ காக்கை இல்லை. நிக்கொலஸின் போட்டடியில் அப்பா மணலில் குந்தியிருந்தார். பக்கத்தில் மீன் வெட்டும் கத்தி. நிக்கொலஸ் வலைக்கு மேல் மூடிப்போடும் நீலப் படங்கு நெடுகக் கிழிந்து கிடந்தது. அதால் மூடியிருந்த வலையும் வெட்டுப்பட்டிருந்தது. வலையின் மிதப்புகளில் அவள் தன் கையாலேயே பூசிய சிவப்புப் பெயின்ற்.

"அப்பா, இது எங்கட வலை!"

"தெரியுது. வெட்டினாப் பிறகுதான் படங்கத் தூக்கிப் பாத்தன்."

அவர் முகத்தைத் தூக்கவேயில்லை. நிலானிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்தியது.

"ஏன் மகள் பூசையில இருந்து ஓடி வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்து நின்றார் நிக்கொலஸ். படங்கைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், கடைசியாக லோறன்ஸைப் பார்த்தார்.

"நேத்து வாணம் விட்ட இடத்துக்குக் கிட்ட உன்ட வலை சும்மா கிடந்திச்சு. பொறி விழுந்தா உருகிப் போயிரும். என்ட வலைய வீட்ட ஏத்திப்போட்டு, உன்னோடத இஞ்ச இழுத்து மூடினன்."

லோறன்ஸ் கனைத்தார். "எலி வெட்டியிருக்கு."

"ஓம்" என்றார் நிக்கொலஸ். "பெரிய எலிதான்."

குனிந்து வெட்டுப்பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"வலை அறுந்த மறுநாள் நான் வந்தனான், லோறன்ஸ். நீ உள்ளுக்க கத்தினது வாசல் படலையடி வரைக்கும் கேட்டுது. பயத்தில திரும்பிட்டன்."

சொல்லிவிட்டு, போட்டுக்குள் கையை விட்டு வலையூசியை எடுத்தார். திருவிழாவுக்கு உடுத்திய வெள்ளைச் சேட்டோடே மணலில் குந்தி, லோறன்ஸின் வலையை மடிக்கு இழுத்துப் பொத்தத் தொடங்கினார்.

லோறன்ஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள, அந்தக் கதை எப்பிடி முடியுது?"

"எல்லாரும் செத்துப் போறாங்க அப்பா."

"குத்தினவனுமா?"

"அவனும்தான்."

லோறன்ஸ் கிழிந்த படங்கைத் தன் பக்கம் இழுத்து மடியில் விரித்தார்.

"ஓடிப் போய்ச் சாக்கு ஊசிய எடுத்துக்கொண்டு வா. இத நான்தான் தைக்கவேணும்."