சம்பந்தி கேட்ட மண்

கைப்பையிலிருந்து மண் பொட்டலத்தை ஷெரோன் வெளியே எடுத்ததுதான் தாமதம், தாய் அக்னெஸ் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பொறு பிள்ளை. குடுக்காதை."

"என்னம்மா? உள்ளுக்கை குளிப்பாட்டி முடிஞ்சுது. பெட்டியை மூடப்போகினம்."

மாமனார் ஸலமோன் அன்று விடியற்காலை நித்திரையிலேயே போய்ச் சேர்ந்திருந்தார். இனி ஊசியும் இல்லை, இயந்திரமும் இல்லை. அந்த மட்டில் எல்லாருக்கும் நிம்மதிதான். ஷெரோனின் கணவன் இலான் இடுகாட்டு அலுவலாகப் போய்விட்டான். யூதர்களின் இறுதிச்சடங்கு மண்டபத்தில் பெண்கள் மட்டும் கதவுக்கு வெளியே காத்து நின்றார்கள்.

கஸபிளாங்காவில் பிறந்து மொன்றியலில் முடிந்த அந்த மனுஷன் எருசலேமைக் கண்ணால் கண்டதே இல்லை. முதலில் காசில்லை, பிறகு மனைவிக்கு வருத்தம், பிறகு இவருக்கே டயாலிசிஸ். ஆனாலும் ஒருநாள் தவறாமல் அந்தத் திசை பார்த்துத்தான் செபித்தார். கட்டிலைக்கூட அந்தப் பக்கமாகத் திருப்பிப் போடவைத்தார். அங்கே அடக்கம் செய்யக் கொடுத்துவைக்காதவர்களுக்கு அந்த மண்ணையாவது பெட்டிக்குள் போடுவது அவர்கள் வழக்கம். அங்கே சண்டை மூளுவதற்கு முன், அக்னெஸ் செயின்ட்-மிஷேல் கத்தோலிக்கக் கோயில் ஆட்களோடு யாத்திரை போனபோது, அவர் கேட்ட ஒரே சாமான் ஒரு பிடி மண். அதை வாங்கிய அன்று பின்னேரம் முழுக்க மணந்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இந்த மண்தான், வேறு வேண்டாம்" என்று மகள் எஸ்தரிடம் சொல்லியும் வைத்தார். பொட்டலத்தை ஷெரோனிடமே பத்திரப்படுத்தக் கொடுத்திருந்தார்.

"அம்மா, இது அங்கத்தை மண்தானே?"

"சத்தியமா அங்கத்தை மண். ஒலிவ மலையடியிலை நானே கிண்டி எடுத்தனான்." அக்னெஸ் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இஞ்சை வந்தாப் பிறகு, அவரிட்டைக் குடுக்க முன்னம், கோயில் சுவாமியிட்டைக் குடுத்துத் தீர்த்தம் தெளிப்பிச்சனான். நல்லதெண்டு நினைச்சுத்தான்."

ஷெரோன் பொட்டலத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். இந்த மனுஷிக்கு எதைக் கண்டாலும் தீர்த்தம் தெளிக்கவேண்டும். புதுக் காருக்குத் தெளித்தாள், ஃபிரிட்ஜுக்கும் தெளித்தாள். போயும் போயும் யூத சம்பந்தியின் மண்ணிலுமா?

"இதை இப்பத்தானா சொல்லுவாய்?"

"மனம் கேக்கேல்லையடி. அந்த மனுஷனோடை ஒண்டை ஒளிச்சு அனுப்ப ஏலாது."

கதவடியில் எஸ்தர் நின்றாள். யூத முறைப்படி பாலும் இறைச்சியும் சேரக்கூடாது; இந்த மச்சாளின் சமையலறையில் பால் கரண்டி இறைச்சிச் சட்டிக்குள் போனாலே வீடு இரண்டுபடும். இவள் வேண்டாமென்றால் கிழவரின் கடைசி ஆசையே போச்சு, அதற்குக் காரணம் அம்மா என்றும் ஆகிவிடும். இருந்தும் மறைக்க ஷெரோனுக்கும் மனம் வரவில்லை. போய், பிரெஞ்சில் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

எஸ்தரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பொட்டலத்தை வாங்கினாள், கதவைத் தட்டினாள். உள்ளிருந்து வந்த தாடிக்காரப் பெரியவரிடம் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அவர் பொட்டலத்தை விரல்களால் நசுக்கிப் பார்த்தார். தண்ணீர் எப்போதோ காய்ந்திருக்கும், மண் அந்த ஊர் மண்தானே என்றார். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்பாடா! ஷெரோனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சுவரில் சாய்ந்து மூக்கைத் துடைத்தாள்.

எஸ்தர் நேரே அக்னெஸிடம் போய் ஏதோ கேட்டாள். அக்னெஸ் பயந்துபோய் மகளைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"மண்ணை எந்தக் கையாலை கிண்டினீங்கள் எண்டு கேக்கிறா."

அக்னெஸ் வலது கையைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். "இந்தக் கையாலைதான், பிள்ளை."

எஸ்தர் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, குனிந்து, உள்ளங்கையில் முத்தமிட்டாள்.